கையைக் கடிக்காத சைக்கிள் பயணம்

நெடுந்தூரம் போக விலை உயர்ந்த சைக்கிள் தேவையில்லை. வீட்டில் இருப்பதே போதும்.

● பெடல் கீழே இருக்கும்போது அதன் மேல் குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். அதுதான் சரியான சீட் உயரம். தாழ்வாக இருந்தால் முழங்கால் வலிக்கும்.

● டயரின் பக்கவாட்டில் எவ்வளவு காற்று அடிக்கலாம் என்று அச்சிட்டிருக்கும். அதைப் பார்த்து அடியுங்கள். பிரேக் கட்டை தேய்ந்திருந்தால் மாற்றுங்கள்.

● முதுகில் பை வேண்டாம். பின் கேரியரில், சக்கரத்தில் சிக்காதபடி, பழைய டியூபால் இறுக்கிக் கட்டுங்கள்.

● கைப்பம்பு, பஞ்சர் ஒட்டும் பொருட்கள், மாற்று டியூப், ஸ்பேனர் அவசியம். பஞ்சர் ஒட்ட வீட்டிலேயே பழகுங்கள்.

● ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்தால், வியர்வையில் இழந்த உப்பை ஈடுகட்டும் பானம் தயார்.

● சென்னைவாசிகளுக்கு முதல் பயணமாக மாமல்லபுரம் ஏற்றது. சுமார் 55 கி.மீ., மேடில்லாத சாலை. பழகியபின் மரக்காணம் உப்பளங்களைப் பார்த்தபடி புதுச்சேரி வரை போகலாம்.

● விடியலில் கிளம்பி, வெயில் ஏறும் முன் நிறுத்துங்கள். மாமல்லபுரம் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வார இறுதியில் கார்கள் அதிகம். வார நாளே நல்லது.

மற்ற செலவைக் குறையுங்கள். ஹெல்மெட்டிலும் பின்விளக்கிலும் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.