விமானிகளின் இரட்டைக் கவலை

கேள்வி: கொரோனா காலத்தில் விமானிகள் நோயைவிட வேலையை நினைத்துத்தான் அதிகம் பயந்தார்களா?
– வாசகர், திருச்சி

பதில்: இரண்டு பயமும் சேர்ந்தே வந்தன. 2020 பிப்ரவரியிலேயே ஹாங்காங்கின் கேத்தே பசிபிக் விமான நிறுவனம் தன் 27,000 ஊழியர்களையும் மூன்று வாரம் சம்பளமில்லா விடுப்பில் போகச் சொன்னது. மார்ச் 5-இல் பிரிட்டனின் ஃப்ளைபி விமான நிறுவனம் மூடப்பட்டது. அப்போது உலக சுகாதார நிறுவனம் பெருந்தொற்று என்று அறிவித்திருக்கக்கூட இல்லை. அந்த அறிவிப்பு மார்ச் 11-இல்தான் வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் கேத்தே பசிபிக்கின் துணை நிறுவனமான கேத்தே டிராகனே இல்லாமல் போனது.

விமானிக்கு இந்த அடி பலமாக விழக் காரணம் உண்டு. பல நிறுவனங்களில் ஆட்குறைப்பு என்றால் கடைசியாகச் சேர்ந்தவர்தான் முதலில் வெளியேற வேண்டும். வேறு நிறுவனத்துக்குப் போனால் பணிமூப்பு போய்விடும். அடிமட்டத்திலிருந்து தொடங்க வேண்டும். பயிற்சிக்கு வாங்கிய கடனோ அப்படியே நிற்கும். 90 நாட்களுக்குள் மூன்று முறையாவது விமானத்தை ஏற்றி இறக்கியிருக்காவிட்டால், மறுபயிற்சியின்றிப் பயணிகளை ஏற்றிச் செல்லவும் முடியாது.

இத்தனைக்கும் நடுவில் அவர்கள் மருந்தையும் மருத்துவக் கருவிகளையும் சுமந்து பறந்தார்கள். அயல்நாட்டில் சிக்கியவர்களை வீடு சேர்த்தார்கள். 2022-இல் பயணிகள் கூட்டம் திரும்பியபோது அமெரிக்காவில் விமானிகள் போதாமல் விமானங்கள் ரத்தாயின. நெருக்கடியில் திறமைசாலிகளைக் கைவிடுவது சிக்கனமல்ல. நிறுவனங்களும் அரசுகளும் இதை மறக்கக் கூடாது.