ஸ்டொக் கணக்கோடு பாதுகாப்புக் கணக்கும்



எம்மில் பலர் இப்போது கடையில் ஒரு கணனி வைத்திருக்கிறோம். பில் அடிக்கவும், ஸ்டொக் பார்க்கவும், கடன் நிலுவை எடுக்கவும் அது உதவுகிறது. அதே கணனியைக் கொண்டு வேலைத்தளப் பாதுகாப்பையும் தொழிற் சட்டங்களையும் கவனிக்கலாம் என்பதை நான் நட்டப்பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். அந்த நட்டத்தில் பெரும் பங்கு என்னுடையதல்ல, என்னிடம் வேலை செய்தவருடையது.

பளையில் தென்னைக்குக் குறைவில்லை. பச்சிலைப்பள்ளித் தேங்காயை நம்பித்தான் எனது சிறிய எண்ணெய் ஆலையும் ஓடுகிறது. 2023இல் ஒரு நாள் காலை, இயந்திரத்தின் பெல்ட்டில் கை அகப்பட்டு ஊழியர் ஒருவர் இரண்டு விரல்களை இழந்தார். துப்புரவு செய்வதற்காக முதல் நாள் மாலை கழற்றிய மூடி திரும்பப் பூட்டப்படாமல் கிடந்தது. கழற்றியவர் யார், பூட்ட வேண்டியவர் யார் என்று கேட்டால் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து கணனியைத் திறந்தேன். அன்று எத்தனை கிலோ கொப்பறா வந்தது, யார் எனக்கு எவ்வளவு தர வேண்டும், எல்லாம் சதக் கணக்கோடு இருந்தது. அந்த மனிதர் என்னிடம் சேர்ந்த திகதி மட்டும் எங்கும் இல்லை. நாட்கூலிதானே என்று சேமலாப நிதியும் கட்டியிருக்கவில்லை. கட்டுப் போட்ட கையோடு அவர் கேட்டது ஒன்றுதான்: "முதலாளி, நான் இங்க எத்தின வருசம் நிண்டனான் எண்டு உங்களுக்குத் தெரியும்தானே?" எனக்குத் தெரியும். ஆனால் நான் மௌத்தாகிப் போயிருந்தால் அவருக்குச் சாட்சி யார்? கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படி சூரத்துல் பகராவின் 282ஆம் வசனம் சொல்வதை ஜும்ஆவில் எத்தனை முறை கேட்டிருக்கிறோம். கடனுக்கு எழுதுகிறோம், கூலியாளுக்கு எழுதுவதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று அதன் பிறகுதான் விசாரித்தேன். 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டப்படி, இயந்திரத்தின் ஆபத்தான பகுதிகள் ஓடும்போது மூடப்பட்டிருக்க வேண்டும். விபத்தினால் ஓர் ஊழியர் மூன்று நாட்களுக்கு மேல் வேலை செய்ய முடியாமற் போனால் தொழிற் திணைக்களத்தின் தொழிற்சாலைப் பரிசோதனைப் பொறியியலாளருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். நட்டஈடு 1934ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வருகிறது. அதன் உச்ச எல்லை 2022இல் ஐந்தரை இலட்சத்திலிருந்து 20 இலட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. நட்டஈட்டுத் தொகை சம்பளத்தையும் காயத்தையும் வைத்துக் கணக்கிடப்படுகிறது. ஆகவே சம்பளப் பதிவு இல்லாவிட்டால் இரு தரப்புக்கும் வில்லங்கம். சேமலாப நிதிக்கு ஊழியரின் 8 வீதம், எங்கள் 12 வீதம், நம்பிக்கை நிதிக்கு எங்கள் 3 வீதம். நாட்கூலிக்காரருக்கும் இது உண்டு. நான் பழைய பாக்கியை மிகைக்கட்டணத்தோடு கட்டி முடித்தேன்.

இனி மென்பொருள் விடயம். புதிதாக எதையும் வாங்கவில்லை. மருமகன் சொன்னான்: "மாமா, பிஸ்கட் பெட்டிக்குக் காலாவதித் திகதி போடுறீங்க, மெஷினுக்கும் போடலாம்தானே?" ஸ்டொக் பட்டியலில் ஒவ்வொரு இயந்திரத்தையும் ஒரு பொருளாகச் சேர்த்தான். கடைசியாகப் பார்த்த திகதி, அடுத்துப் பார்க்க வேண்டிய திகதி, பொறுப்பானவர் பெயர் என்று மூன்று கட்டங்கள். தீயணைப்புக் கருவி, தராசு முத்திரை, பிரதேச சபை உரிமம் எல்லாம் அதே பட்டியலில் ஏறின. ஊழியருக்கு வேறொரு பட்டியல்: சேர்ந்த திகதி, பிறந்த திகதி, சம்பளம், நிதி இலக்கம். பிறந்த திகதியை விட்டுவிடாதீர்கள். வேலைக்குச் சேர்க்கும் ஆகக் குறைந்த வயது 2021இல் 14இலிருந்து 16ஆக உயர்த்தப்பட்டது. சொந்தக்காரப் பிள்ளை என்று கடையில் நிறுத்துபவர்கள் கவனிக்க. இத்தனைக்கும் எக்செல் போதும். காலையில் கணனியைத் திறந்ததும் தவணை நெருங்கியவை சிவப்பில் தெரிகின்றன.

ஆனால் கணனி பொய்யையும் அழகாக எழுதும். ஒரு வெள்ளிக்கிழமை பட்டியலைப் பார்த்தால், அடுத்த வியாழன் வரைக்கும் பெல்ட் மூடிக்கு "சரி" விழுந்திருந்தது! வேலையைச் சுருக்கமாக முடிக்கலாம் என்று பொடியன் முன்கூட்டியே அடித்துவிட்டான்.

இதற்கு வழி எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இருந்தது. ஏ9 வீதியில் யாழ்ப்பாணப் பக்கம் போனால் முகமாலை. அங்கு கண்ணிவெடி அகற்றும் பெண்களையும் ஆண்களையும் பல ஆண்டுகளாகப் பார்த்திருக்கிறோம். 2010இல் உருவான தேசிய கண்ணிவெடி நடவடிக்கை நிலையம் இதற்கெல்லாம் "இம்ஸ்மா" என்ற மென்பொருளைப் பயன்படுத்துகிறது. ஜெனீவாவிலுள்ள கண்ணிவெடி அகற்றல் நிலையம் ஒன்று உருவாக்கியது அது. எந்தத் துண்டுக் காணி துப்புரவாக்கப்பட்டது, அதில் என்ன கிடைத்தது என்று வரைபடத்தோடு பதிவாகும். வெடியை எடுப்பது கணனியல்ல, மண்ணில் முழந்தாளிட்டிருக்கும் ஆள்தான். அவர் முடித்துவிட்டேன் என்று சொன்னதும் காணியைக் கொடுத்துவிடுவதுமில்லை. வேறு ஆட்கள் வந்து மீளப் பரிசோதிக்கிறார்கள்.

நானும் அப்படியே செய்தேன். மூடியைப் பூட்டுபவர் ஒருவர், பார்த்துப் பதிபவர் இன்னொருவர். பதிபவர் மூடியின் படத்தைக் கைப்பேசியில் எடுத்துச் சேர்க்க வேண்டும். படத்தில் திகதியும் நேரமும் விழும். முன்கூட்டி அடிக்கும் வேலை அதோடு நின்றது. சின்ன வெட்டுக்காயத்தையும் எழுதச் சொல்லியிருக்கிறேன். மூன்று மாதப் பதிவைச் சேர்த்துப் பார்த்தபோது, காயங்களில் அதிகம் மட்டை உரிக்கும் இடத்தில், அதுவும் பின்னேரத்தில் என்று தெரிந்தது. அங்கே வெளிச்சம் போதாது. 2 லைட் போட்டேன். செலவு ஒரு மூடைக் கொப்பறாவின் விலைகூட வரவில்லை.

மின்சாரம் போனால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். மாத முடிவில் எல்லாவற்றையும் அச்சிட்டுக் கோவையில் போடுகிறேன், ஒரு பிரதி வீட்டிலும் இருக்கிறது. ஊழியரின் பக்கத்தில் அவரிடமே கையொப்பம் வாங்குகிறேன்.

விரல் இழந்தவர் இப்போது தராசடியில் நிற்கிறார். காலையில் மூடியைப் பார்த்துப் பதிபவரும் அவர்தான். அவர் "சரி" போடும் வரை சுவிட்சைத் தொட என்னையும் விடமாட்டார்.

தராசு முத்திரை பற்றிச் சிலர் கேட்டிருந்தீர்கள். இன்ஷா அல்லாஹ், அதை அடுத்த வாரம் பார்ப்போம்.