பழைய காருக்குப் புதிய மேனி: எந்தப் பொருளால்?

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் தென்காசிக்காரர்களுக்கெல்லாம் மகிழ்ச்சி. இரும்பு வைத்திருப்பவர்களுக்கு மட்டும் கவலை. ஆரியங்காவுக் கணவாய் வழியே நுழையும் தென்மேற்குப் பருவக்காற்று ஜூன் முதல் செப்டம்பர் வரை இங்கே காற்றையே நனைத்து வைக்கிறது. துணி உலராது, தீப்பெட்டி பற்றாது, சைக்கிள் செயின் ஓர் இரவில் செந்நிறம் கொள்ளும். இப்படிப்பட்ட ஒரு ஜூலை மாதத்தில்தான் என் தாய்மாமன் இருகதவு ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் ஒன்றை வாங்கி வந்து தென்காசியில் ஒரு டிங்கரிங் பட்டறையில் நிறுத்தினார். முன்மூடி ஓட்டை, கதவுகளின் அடிப்பாகம் சல்லடை.

"மருமவனே, இதை ஸ்போர்ட்ஸ் காரா மாத்தப் போறேன். கூரையைக் கழத்திட்டு, மூக்கைத் தாழ்த்தி, பின்பக்கத்தை வழிச்சு விட்டாப் போதும். தகரத்துல செய்யவா, அலுமினியத்துலயா, ஃபைபர்லயா? நீதான் பிசிக்ஸ் படிக்கியே, சொல்லு" என்றார். வகுப்பில் யங் குணகத்தை மனப்பாடம் செய்தவனுக்கு அது எதற்கு என்று அன்றுதான் விளங்கத் தொடங்கியது. அந்த ஆராய்ச்சியின் விளைவே இக்கட்டுரை.

முதலில் இந்தக் காரைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். இங்கிலாந்தில் 1959இல் வெளிவந்த டிரையம்ஃப் ஹெரால்டே இதன் மூலம். உருவம் கொடுத்தவர் இத்தாலியரான ஜியோவன்னி மிக்கெலாட்டி. சென்னையை அடுத்த வண்டலூர்ப் பகுதியில் இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961 முதல் இதை ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் செய்து விற்றது. நம் நாட்டுக் குடும்பங்களுக்காகப் பின்னர் நான்கு கதவு வடிவமும் இங்கேயே உருவாயிற்று. 1970களில் வந்த கெஸல் இதே குடும்பத்தின் கடைக்குட்டி. இன்று அந்த நிறுவனம் இல்லை. உதிரிப் பாகமும் எளிதில் கிடைப்பதில்லை.

ஹெரால்டின் சிறப்பு அதன் கட்டுமானம். அக்காலத்தில் பெரும்பாலான கார்கள் சட்டமும் மேனியும் ஒன்றாய்ப் பற்றவைக்கப்பட்ட ஒரே கூடாக மாறிக்கொண்டிருந்தன. ஸ்டாண்டர்டு டிரையம்ஃபுக்கு மேனிகளைச் செய்து கொடுத்துவந்த தொழிற்சாலையைப் போட்டி நிறுவனம் ஒன்று வாங்கிவிட்டதால், முழுக்கூட்டையும் ஒரே இடத்தில் செய்ய வழியில்லாமற் போயிற்று. எனவே தனிச் சட்டம் ஒன்றை வைத்து, அதன்மேல் பல இடங்களில் செய்த துண்டுகளைப் போல்ட்டால் முடுக்கினார்கள். கூரையைக்கூடக் கழற்றிவிடலாம். இடையூறு காரணமாக எடுத்த இந்த முடிவுதான் என் மாமா போன்றவர்களுக்கு வரமாயிற்று. மேனி எந்தப் பொருளால் ஆனாலும் பாரத்தைத் தாங்குவது சட்டமே. இதே சட்டத்தைக் குறுக்கித்தான் 1962இல் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்னும் ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். பாண்ட் என்ற சிறு நிறுவனம் 1963இல் ஹெரால்டின் சட்டம், கதவு, முன்கண்ணாடி ஆகியவற்றை அப்படியே வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கண்ணாடியிழையால் செய்து எக்கிப் என்று விற்றது. ஆகவே மாமாவின் ஆசை கிறுக்கு அல்ல, முன்னுதாரணம் உண்டு.

இனிப் பொருள்களுக்கு வருவோம். தகட்டை எடை போட்டுப் பார்ப்பது மட்டும் போதாது. எவ்வளவு வளைகிறது என்பதையும் பார்க்கவேண்டும். ஒரு தகட்டின் வளையா வலிமை யங் குணகத்தையும் தடிமனின் மும்மடியையும் பெருக்கினால் வருவதைப் பொறுத்தது. எஃகின் யங் குணகம் சுமார் 200 கிகா பாஸ்கல், அலுமினியத்துக்கு 70, கைவேலையாகச் செய்யும் கண்ணாடியிழைக்கு ஏறத்தாழ 7 அல்லது 8. இதைப் பார்த்தவுடன் கண்ணாடியிழை உதவாது என்று தோன்றும். ஆனால் மும்மடி என்பது மாயம் செய்கிறது. 0.9 மி.மீ. எஃகுத் தகட்டின் விறைப்பைப் பெற அலுமினியம் சுமார் 1.3 மி.மீ. இருந்தால் போதும், கண்ணாடியிழை 2.7 மி.மீ. இருந்தால் போதும். இப்போது அடர்த்தியைப் போட்டுப் பாருங்கள். ஒரு சதுர மீட்டருக்கு எஃகு 7 கிலோ, அலுமினியம் மூன்றரைக் கிலோ, கண்ணாடியிழை 4 கிலோ. சமமான விறைப்புக்கு அலுமினியம் பாதி எடை. கண்ணாடியிழையும் அதற்கு மிகப் பின்தங்கவில்லை. இந்தக் கணக்கை நான் பட்டறைச் சுவரில் சாக்பீஸால் எழுதிக் காட்டினேன். டிங்கர் அண்ணாச்சி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தம்பி, கணக்கு சரிதான். மாடு முட்டினா எது என்ன ஆகும்னு எழுதலையே" என்றார்.

அவர் கேட்டது விளையாட்டல்ல. எஃகு நசுங்கும், நசுங்கியதை உள்ளே டாலியைக் கொடுத்து வெளியே சுத்தியலால் தட்டி மீட்கலாம். மிகுதியாக நீண்டுவிட்ட இடத்தைச் சூடேற்றிச் சுருக்கலாம். அலுமினியமும் நசுங்கும், ஆனால் தட்டத் தட்ட விறைத்துப் பிளக்கும். இடையிடையே பதம் போக்கவேண்டும். எஃகு சூடானால் சிவந்து எச்சரிக்கும். அலுமினியம் நிறமே மாறாமல் 660 பாகையில் பொலபொலவென்று உருகி விழுந்துவிடும். ஆகையால் பழைய கைவினைஞர்கள் தகட்டின்மேல் சோப்பைத் தேய்த்துச் சூடேற்றுவார்கள். சோப்பு கறுத்தால் போதும், நிறுத்திவிடவேண்டும். வெப்பமானி இல்லாத பட்டறையில் இதைவிட நல்ல வெப்பமானி எது? கண்ணாடியிழையோ நசுங்குவதில்லை, வெடிக்கும். வெடித்த இடத்தைத் தேய்த்து உள்பக்கம் ஒட்டுப் போட்டுவிடலாம் என்பது அதன் நல்ல குணம்.

துருவைப் பொறுத்தவரை கண்ணாடியிழைக்கு ஈடில்லை. தூத்துக்குடி, குமரிக் கடற்கரைகளில் கட்டுமரங்களின் இடத்தைக் கண்ணாடியிழைப் படகுகள் பிடித்துக்கொண்டதே சான்று. கார் உலகிலும் அமெரிக்காவின் கார்வெட் 1953 முதல் கண்ணாடியிழை மேனியோடுதான் வருகிறது. நம் நாட்டில் பெங்களூரில் 1982இல் வெளிவந்த சிபானி டால்ஃபின், 1990களின் இறுதியில் கோவாவில் செய்யப்பட்ட சான் ஸ்டார்ம் என்ற இருவர் அமரும் ஸ்போர்ட்ஸ் கார் ஆகியவையும் இவ்வகையே. பெரிய அச்சு எந்திரங்கள் வேண்டியதில்லை என்பதால் சிறு நிறுவனங்கள் இதை நாடுகின்றன. அலுமினியமும் தானே ஓர் ஆக்சைடு படலத்தைப் போர்த்திக்கொண்டு தன்னைக் காத்துக்கொள்கிறது. போருக்குப் பின் இங்கிலாந்தில் எஃகுக்குத் தட்டுப்பாடு வந்தபோது லேண்ட் ரோவர் அலுமினியத்துக்குப் போனது. 1948இல் வந்த ஜாகுவார் எக்ஸ்கே 120ன் முதல் சுமார் 240 கார்களும் அலுமினிய மேனி கொண்டவை. தேவை பெருகியதும் எஃகுக்கு மாறிவிட்டார்கள். கையால் தட்டிக்கொண்டிருந்தால் ஊருக்கெல்லாம் கார் கொடுக்க முடியுமா?

ஆனால் அலுமினியம் எஃகோடு சேர்ந்து நனைந்தால் கதை வேறு. மின்வேதியியல் தொடரில் இரும்பு மைனஸ் 0.44 வோல்ட், அலுமினியம் மைனஸ் 1.66 வோல்ட். இரண்டும் தொட்டுக்கொண்டு நடுவில் மழைநீர் நின்றால் அது ஒரு மின்கலம்; கரைவது அலுமினியம். புளிக்குழம்பை அலுமினியச் சட்டியில் வைக்காதே என்று ஆச்சி சொல்வதைப்போல, எஃகுச் சட்டத்தில் அலுமினியத்தை நேரே வைக்காதே எனலாம். இடையில் ரப்பர் பட்டையோ கெட்டியான பூச்சோ வேண்டும். எஃகுத் தகடுகளை அலுமினிய ரிவெட்டால் இணைப்பது இன்னும் மோசம். பெரிய எஃகுப் பரப்புக்குச் சிறிய ரிவெட் பலியாகிவிடும். நான்கு மாதம் சாரலில் நிற்கும் ஊரில் இது ஏட்டுச் சுரைக்காய் அன்று.

வெப்ப விரிவையும் மறக்கக்கூடாது. நிழலில் 30 பாகையாக உள்ள தகடு சித்திரை வெயிலில் 70 பாகையை எட்டினால், ஒரு மீட்டர் நீள எஃகு அரை மி.மீ. நீளும், அலுமினியம் ஏறத்தாழ ஒரு மி.மீ. நீளும். கதவின் இடைவெளியை விடும்போது இதை எண்ணாவிட்டால் பங்குனியில் மூடிய கதவு சித்திரையில் உரசும். இன்னொன்று நான் புத்தகத்தில் படிக்காமல் பட்டறையில் கற்றது. எஃகுக் காரில் மேனியே எர்த் கம்பி. கண்ணாடியிழையில் மின்சாரம் ஓடாதாகையால் விளக்கு ஒவ்வொன்றுக்கும் தனி எர்த் இழுக்கவேண்டும். இல்லையேல் புது மூக்கில் விளக்கு எரியாது.

எவர்சில்வரில் செய்தால் என்ன என்று வகுப்புத் தோழன் ஒருவன் கேட்டான். 1981இல் வந்த டிலோரியன் கார் அப்படித்தான், பெயிண்டே இல்லாமல் வந்தது. ஆனால் நசுங்கினால் பட்டி வைத்து மறைக்க முடியாது. கார்பன் இழையைப் பற்றி மாமாவிடம் பேச்செடுக்கவில்லை. விலையைக் கேட்டால் காரையே விற்றுவிடுவார்.

எல்லாம் கூட்டிப் பார்த்து நான் கண்ணாடியிழைக்கு வாக்களித்தேன். பழைய முன்மூடியின் மேல் அச்செடுத்து, 450 கிராம் பாய் மூன்று அடுக்கு, பாயின் எடைக்கு இரண்டரை மடங்கு பாலியெஸ்டர் ரெசின், அதில் நூற்றுக்கு ஒன்றரை பங்கு கடினமாக்கி என்று அளந்து போட்டோம். (இவ்வேலையில் இறங்குவோர் கவனிக்க: கடினமாக்கியையும் கோபால்ட் முடுக்கியையும் நேரடியாகக் கலக்கவே கூடாது; வெடிக்கும். ஒன்றை ரெசினில் நன்கு கலந்த பின்னரே மற்றதைச் சேர்க்கவேண்டும்.) செய்த நாள் ஐந்தருவியில் குளிக்கத் தடை விதித்த அளவுக்கு மழை. நான்கு நாள் கழித்தும் உள்பக்கம் வெல்லப்பாகு போல ஒட்டியது. ஈரம் பாயில் ஏறியதும் காற்றில் நிறைந்ததும் ரெசினை இறுகவிடவில்லை. துருப்பிடிக்காத பொருளைத் தேர்ந்தெடுத்தவன், அதைச் செய்வதற்கு ஈரமில்லாத நாளைத் தேர்ந்தெடுக்கவில்லை. செலவு மாமாவுடையது, பிழை முழுவதும் என்னுடையது.

பங்குனியில் மீண்டும் செய்வோம் என்று ஒத்திவைத்த இடைவெளியில்தான் ஆர்.சி. புத்தகத்தைப் புரட்டினேன். முதற்பதிவு 1969. மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019இல் இதை வலியுறுத்தியது. மறுபுறம், 2021இல் வந்த விதிகளின்படி 50 ஆண்டைக் கடந்த கார், சட்டத்திலோ மேனிக்கூட்டிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றமின்றி மூல வடிவில் இருந்தால், அதைத் தொன்மை வாகனமாகப் பதிவு செய்யலாம். கட்டணம் 20,000 ரூபாய். அன்றாடம் ஓட்ட முடியாது. கண்காட்சி, பேரணி போன்றவற்றுக்குத்தான் சாலைக்கு வரலாம். ஸ்போர்ட்ஸ் காராக வெட்டிவிட்டால் அந்த வாய்ப்பு அன்றோடு போயிற்று. இதைச் சொன்னபோது மாமா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

மூன்றாம் நாள் பட்டறைக்கு அவரே வந்தார். "வெட்ட வேண்டாம்ணே. இருந்தபடியே செய்ங்க" என்று அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டு, என்னைப் பார்க்காமல் காரைச் சுற்றி வந்தார். அண்ணாச்சியின் முகத்தில் தெரிந்த நிம்மதியை நான் கவனித்தேன்; அவருடைய வாக்கு தொடக்கம் முதலே தகரத்துக்குத்தான். பழுதை எந்த அளவுக்கு மாற்றலாம் என்று வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு, 20 கேஜ் எஃகுத் தகட்டில், பழைய அச்சுக்கு மாறாமல் வேலை நடக்கிறது. கதவடிகளுக்குள் நீர் வடியும் துளைகளை அடைக்காமல் விட்டிருக்கிறோம். உள்ளே துருத்தடுப்புப் பூச்சு இரண்டு கை. சட்டத்தின் இடப்புறக் கைகளைப் பற்றவைத்து முடித்தாயிற்று, வலப்புறம் பாக்கி.

இறுகாத அந்த முன்மூடி இப்போது வெயிலில் ஒருவாறு காய்ந்து, பட்டறையின் விறகுக் குவியலுக்கு மழைக்கூரையாக இருக்கிறது. அதைத் தூக்கிப் போடாதே என்று மாமா சொல்லியிருக்கிறார்.