பாழ்பட்ட ஊரும் புலியும்

தருமபுரியினின்று பென்னாகரம் செல்லும் வழியில் இண்டூர் என்னும் ஊர் உளது. யாம் பிறந்து வளர்ந்தது அவ்வூரிலேயாம். எம் பாட்டியார் அந்தி மயங்கியதும் முதற்கண் வாயிற்கதவைச் சார்த்தித் தாழிட்டுப் பின்னரே விளக்கேற்றுவார். வீதியெங்கும் மின்விளக்கு எரியும் இக்காலத்தும் அவர் இவ்வழக்கத்தை விட்டிலர். காரணம் வினவினால், "அது தாது வருஷத்துப் பழக்கம், கண்ணு" என்பார். தாது வருஷப் பஞ்சமோ 1876-ஆம் ஆண்டில் தொடங்கியது. பாட்டியார் பிறந்தது அதற்கு எழுபது ஆண்டுகட்குப் பின்னர். அவர்தம் பாட்டியார் சொல்லக் கேட்டது இது: சனங்கள் பிழைப்புத் தேடிப் போயினாரும் வழியில் விழுந்தாருமாக ஊர்கள் வெறிச்சோட, மேற்கேயுள்ள காட்டினின்றும் சிறுத்தை இறங்கி, விளக்கெரியாத வீடுகளின் திண்ணையிற் படுத்திருந்ததாம்.

இது மெய்யோ, கிழவியர் குழந்தைகளை அடக்கச் சொல்லும் கதையோ என்னும் ஐயம் எமக்கு நெடுநாளாக உண்டு. மனிதர் வகுத்த ஒழுங்கு குலைந்தால் கொடுவிலங்குகள் நம் முற்றத்திற்கு வருமோ? வருமாயின் எவ்வாறு வரும்? இவற்றையே ஈண்டு ஆராயப் புகுந்தோம்.

நகரம் வீழ்ந்த மறுநாளே சிங்கமும் புலியும் கடைத்தெருவில் உலாவுவதாகக் கதைகளும் படங்களும் காட்டும். அத்தகைய வேகம் விலங்குகளுக்கு இல்லை. 2020-ஆம் ஆண்டு ஊரடங்கின்போது வெனிஸ் நகரக் கால்வாய்களில் ஓங்கில் மீன்கள் புகுந்தன என்று உலகமே வியந்தது. அப்படம் சார்டினியாத் தீவில் எடுக்கப்பட்டதென்று பின்னர்த் தெளிந்தனர். மனிதன் ஒதுங்கினால் இயற்கை உடனே வந்து அமரும் என்பதில் நமக்கு ஓர் ஆசை இருக்கிறது போலும்.

நம் பழம்புலவர் இதில் நிதானமுடையோர். புறநானூற்றின் 52-ஆம் பாட்டில் மருதனிளநாகனார் பாண்டியன் மாறன்வழுதியின் பகைவர் நாடு பாழாவதைக் கூறுகின்றார். தெய்வம் தூணைக் கைவிட்டு நீங்கிய அம்பலத்தில், முதியோர் சூதாடிக் காய் உருட்டித் தேய்ந்த குழிகளில், காட்டுக்கோழி முட்டையிடும் என்பது அவர் காட்டும் காட்சி. அப்பாட்டில் புலியும் உண்டு. ஆயினும் அது பாழ்மன்றத்தில் இல்லை. பாட்டின் தொடக்கத்தில், குகையை வெறுத்து இரை தேடிப் புறப்படும் புலியாக, படையெடுக்கும் அரசனுக்கே உவமையாக நிற்கின்றது. ஊரைப் பாழாக்கிய புலி மனிதன்; பாழான பின் முதலில் வருவது கோழி. புலவர் இதனை எண்ணியே அமைத்தாரோ அறியோம். ஆனால் முறை இதுவேயென்பது பின்வருவனவற்றால் விளங்கும்.

தென்னாட்டில் பெருநகரொன்று பாழானதற்குக் கண்கண்ட சான்று விசயநகரமே. 1565-இல் தக்காணத்துச் சுல்தான்களோடு பொருது தோற்றபின் அரசகுடும்பம் பெனுகொண்டைக்குப் பெயர்ந்தது. ஈராண்டு கழித்து, 1567-இல், செசாரே பெதெரீசி என்னும் வெனிஸ் வணிகர் அந்நகரில் ஏழு மாதம் தங்கினார். வீடுகள் இடியாது நிற்கின்றன, ஆனால் அவற்றில் புலியும் பிற காட்டு விலங்குகளுமே குடியிருக்கின்றன என்று எழுதி வைத்தார். அவர் சொல்லை அப்படியே ஏற்கலாமெனின், ஒரு சிறு தடை உளது. 'என்று சொல்லுகிறார்கள்' என்னும் கருத்துப்பட ஒரு சொல்லையும் உடன் சேர்த்திருக்கின்றார். ஏழு மாதம் அங்கிருந்தவரே தாம் கண்டதாகச் சொல்லவில்லை! எம் பாட்டியார் கதைக்கும் வெனிஸ் வணிகர் கதைக்கும் இவ்வகையில் வேற்றுமை பெரிதில்லை.

கேள்வியளவில் நில்லாது அரசாங்கக் காகிதங்களிலேயே ஏறிய சான்று வங்காளத்தில் கிடைக்கின்றது. 1770-ஆம் ஆண்டுப் பெரும்பஞ்சத்தில் அந்நாட்டு மக்களுள் மூன்றில் ஒரு பங்கினர் மடிந்தனர் என்பர். வீரபூமி மாவட்டத்து நிலையைப் பழைய அலுவலகப் பதிவுகளினின்றும் திரட்டி, ஹண்டர் என்பார் 1868-இல் நூலாக வெளியிட்டார். பஞ்சத்துக்கு முன் அங்கே பயிரிட்ட கிராமங்கள் ஆறாயிரத்தை நெருங்கின. பின்னர் ஏறத்தாழ 4,500 எஞ்சின. விட்டுப்போன நிலம் காடாயிற்று. காட்டில் புலியும் யானையும் பெருகின. ஒரு புலித்தலைக்கு, குடியானவன் குடும்பம் மூன்று மாதம் உண்டு வாழத்தக்க பரிசினைக் கும்பினியார் விளம்பரஞ் செய்தும் துன்பம் எளிதில் நீங்கவில்லை.

இங்கே சற்று நின்று நோக்குதல் தகும். எம் ஊர்ப்புறத்தில் மானாவாரிக் கொல்லை ஒன்றை மூன்று மழைக்காலம் உழாது விட்டுப் பார்த்தவர்க்கு நூல் வேண்டுவதில்லை. முதலாண்டு புல்; அடுத்து முள்ளும் புதரும்; பின்னர் ஆளை மறைக்கும் தூறு. தூற்றில் முயலும் கௌதாரியும் சேரும். பக்கத்துக் கொல்லைக் கேழ்வரகைத் தின்னக் காட்டுப்பன்றி அதில் பகலெல்லாம் படுத்திருக்கும். பன்றியும் மானும் தங்குமிடத்தை நாடிச் சிறுத்தையும் புலியும் வரும். புலி ஊரைத் தேடி வருவதில்லை. ஊரே சிறுகச் சிறுகக் காடாகிப் புலியிடம் செல்கின்றது. பரணில் இரவெல்லாம் தகரம் தட்டியவனும், வேலிக்கு முள் வெட்டியவனும், பட்டியின் வாயிலில் படல் சார்த்தியவனும் காட்டுக்கு எல்லை வகுத்துக்கொண்டிருந்தனர். அவர்கள் அதனை அறிந்திலர். தம் கூலிக்குச் செய்தனர். அவர்கள் இல்லாதொழிந்த அன்றுதான் எல்லையென ஒன்று இருந்தது தெரிகின்றது.

இவ்வுண்மை மிகப் பழமையானது. கி.மு. 722-இல் அசீரியர் சமாரியாவைப் பிடித்து இசுரவேலரைச் சிறைகொண்டு போயபின், அங்குக் குடியேற்றப்பட்ட வேற்றுநாட்டாரைச் சிங்கங்கள் கொன்றன என்று இராஜாக்களின் இரண்டாம் புத்தகம் 17-ஆம் அதிகாரம் சொல்லும். அவ்வதிகாரம் தெய்வக் காரணம் ஒன்றைக் காட்டுகின்றது. யாத்திராகமம் 23-ஆம் அதிகாரமோ, நாட்டார் அனைவரையும் ஒரே ஆண்டில் துரத்தினால் தேசம் பாழாகிக் காட்டு மிருகங்கள் பெருகும் என்று, உழவர் எவரும் ஒப்பும் காரணத்தையே காட்டுகின்றது. ஞாயிறு பள்ளியில் இவ்வசனத்தைப் பலமுறை படித்தும், வங்காளத்து வரலாற்றைக் கற்கும் வரையில் யாம் இதன் பொருளை உணர்ந்தோமில்லை.

இனி ஒரு வினா எழும். ஊர் முழுதும் பாழாயின் கேடு முழுமையாகுமன்றோ? அன்று என்பதே எம் துணிபு. உக்ரேன் நாட்டுச் செர்னோபில் அணு உலை 1986 ஏப்பிரல் 26-இல் வெடித்தபின், சுற்றுவட்டாரத்து மக்களையெல்லாம் வெளியேற்றினர். 2015-இல் வெளிவந்த ஆராய்ச்சியொன்று, அவ்வட்டாரத்து ஓநாய்கள் அண்டையிலுள்ள காப்புக்காடுகளில் இருப்பனபோல் ஏழு மடங்கு மிக்கிருந்தன என்று கூறிற்று. ஆயினும் அவற்றால் மக்களுக்கு விளைந்த அழிவு பேசப்படவில்லை, மக்களே இலர். விலங்குகள் பெருகுதல் வேறு, கொடுமை பெருகுதல் வேறு. கொடுமை பெருகுவது பாதி பாழான ஊரிலேயே. உழவும் காவலும் ஓய்ந்த நிலத்தில், தளர்ந்த சிலர் எஞ்சி, சாணி பொறுக்கவும் தண்ணீர் எடுக்கவும் தனியே போக வேண்டியிருக்கும் இடமே அபாயமான இடம். வீரபூமியும் சமாரியாவும் அத்தகையன.

அத்தகையதே கடுவாள் மலைநாடும். உருத்திரப்பிரயாகைச் சிறுத்தையைப் பற்றி ஜிம் கார்பெட் எழுதியதை நண்பர் பலர் படித்திருப்பர். 1918 முதல் 1926 வரை 125 பேரைக் கொன்றதென்பது அரசாங்கக் கணக்கு. கேதாரத்துக்கும் பத்ரிக்கும் செல்லும் யாத்திரிகர் வழியில் எட்டாண்டுக் காலம் இருட்டியபின் கதவு திறப்பாரில்லை. 1926 மே மாதத் தொடக்கத்தில் கார்பெட் அதனைச் சுட்டு வீழ்த்தினார். அது ஏன் மனிதரைத் தின்னக் கற்றது என்பதற்கு அவர் கூறும் காரணம் நெஞ்சைச் சுடுவது. 1918-இல் பரவிய விஷக்காய்ச்சலால் இந்தியாவில் ஒரு கோடிக்கு மேற்பட்டோர் இறந்தனர். மலையூர்களில் பிணத்தை ஆற்றங்கரைக்குச் சுமக்கவும் விறகடுக்கவும் ஆளில்லாமற் போகவே, ஒரு தணலை இறந்தவர் வாயிலிட்டு, அதையே ஈமக்கடனாகக் கொண்டு, உடலை மலைவிளிம்பினின்று பள்ளத்தில் தள்ளினர். சிறுத்தை அவற்றைத் தின்று பழகிற்று. நோய் தணிந்து பிணங்கள் வருவது நின்றபின், உயிருள்ளாரைத் தேடி வந்தது. நானூறு பேரைக் கொன்ற பனார்ச் சிறுத்தையும் காலராவுக்குப் பின் இவ்வாறே பழகியதென அவர் கூறுகின்றார்.

மாணவராகிய யாம் இதிலும் ஒரு கணக்கு இடிப்பதை மறைத்தல் ஆகாது. கார்பெட்டே தரும் குறிப்பின்படி அச்சிறுத்தை கொன்ற முதலாள் இறந்தது 1918 ஜூன் 9-இல். விஷக்காய்ச்சலின் கொடிய அலை இந்தியாவில் எழுந்ததோ அவ்வாண்டு செப்டம்பர், அக்டோபர் மாதங்களில். பிணங்கள் அப்பழக்கத்தைப் பிறப்பித்தன என்பதினும், பிறந்த பழக்கத்தை வலுப்படுத்தின என்பதே பொருந்தும் போலும். அன்றியும் ஆட்கொல்லி அனைத்தும் நாடு குலைந்ததால் வந்தவை அல்ல. 436 பேரைக் கொன்று 1907-இல் வீழ்ந்த சம்பாவத்துப் பெண்புலிக்குத் துப்பாக்கிச் சூட்டினால் கோரைப்பற்கள் உடைந்திருந்தன. எம் பென்னாகரக் காடுகளைத் தம் வேட்டை நூல்களில் புகழ்பெறச் செய்த பெங்களூர்க் கென்னத் ஆண்டர்சனும், வேட்டைக்காரர் குண்டினால் ஊனமுற்ற விலங்குகளைப் பற்றிப் பேசுகின்றார். ஊனமும் முதுமையும் எக்காலத்தும் உண்டு. ஊர் நிலைபெற்றிருந்தால் அத்தகைய விலங்கு ஒருவரிருவரைக் கொல்லுமுன் பத்துப்பேர் ஈட்டியோடு கூடுவர். குலைந்திருந்தால் எட்டாண்டு ஆளும். வேற்றுமை அவ்வளவே.

இதனை எண்ணுங்கால் எம் மாவட்டத்து நடுகற்கள் நினைவுக்கு வருகின்றன. புலியொடு பொருது பட்டவனுக்கு எடுத்த கற்கள் தருமபுரி வட்டாரத்தில் பல உள. புலிகுத்திக்கல் என்று அவற்றைச் சொல்லுவர். வீரன் ஒரு கையால் தடுத்து மறு கையால் குத்த, புலி பின்காலில் எழுந்து நிற்கும். அவற்றைப் பார்க்கும்போதெல்லாம், அக்காலத்தில் எத்துணைப் புலி இருந்தன என்றே முன்னர் எண்ணினோம். இப்போது வேறொன்று தோன்றுகிறது. குத்துவதற்கு ஒருவன் இருந்தான். அவன் இறந்தபின் கல் செதுக்கவும் நடவும் ஊர் இருந்தது. தாது வருஷத்தில் இறந்தவர்க்கு நட்ட கல் ஒன்றையும் யாம் கண்டதில்லை.

அப்பஞ்சத்தின் அளவை மக்கட்கணக்கே காட்டும். தருமபுரி அந்நாளில் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தது. 1965-இல்தான் தனி மாவட்டமாயிற்று. 1871-இல் 19 லட்சத்து 60 ஆயிரத்துக்கு மேற்பட்டிருந்த சேலம் மாவட்ட மக்கள், 1881-இல் 16 லட்சத்தளவில் நின்றனர். ஐந்து வீட்டில் ஏறத்தாழ ஒரு வீடு அவிந்ததென்க. மேற்கே காவிரிக் கரைவரை காடு தொடர்ந்து கிடக்கும் நாட்டில், அவிந்த வீட்டுத் திண்ணைக்குச் சிறுத்தை வந்ததென்பது நடவாத காரியம் அன்று. எழுத்துச் சான்று எமக்குக் கிட்டிற்றிலது. ஆயினும் பாட்டியார் சொல்லைக் கதையென ஒதுக்க இனி மனம் ஒப்பவில்லை.

பாட்டியாரிடம் இவற்றையெல்லாம் யாம் படித்துக் காட்டியதுண்டு. அவர் வங்காளத்தையும் விசயநகரத்தையும் பொருட்படுத்தவில்லை. வாயில் தணலிட்ட செய்தியை மட்டும் இருமுறை சொல்லச் சொன்னார். அதன் காரணத்தை யாம் அறிவோம். 2021 மே மாதத்தில், பீகாரின் பக்சர் அருகே கங்கையில் பிரேதங்கள் ஒதுங்கிய அதே நாட்களில், எம் பாட்டனார் கொரோனா நோயால் மருத்துவமனையில் இறந்தார். உடலை வீட்டுக்குக் கொணர விடவில்லை. கல்லறைத் தோட்டத்துக்கு எம் சித்தப்பாவும் வேறு இருவருமே போயினர். போதகர் வேலிக்கு வெளியே நின்று செபித்தார். பாட்டியார் தெருவாயிலில் காத்திருந்தார். யாம் அவர் பக்கத்தில் நின்றோம். அப்போது எமக்கு வயது பதினைந்து. சித்தப்பா வந்து தலைகுனிந்து நின்றபோது, பாட்டு யார் பாடினார் என்றோ, முகத்தைப் பார்க்க விட்டார்களா என்றோ அவர் கேட்கவில்லை.

"குழி எவ்வளவு ஆழம்டா?" என்று கேட்டார்.

"பொக்லைன் வைத்து வெட்டினார்கள், அம்மா. ஆள் உயரத்துக்கு மேலேயே இருக்கும்."

"மேலே முள் போட்டாயா?"

"கல்லும் முள்ளும் போட்டுத்தான் வந்தேன்."

பாட்டியார் உள்ளே சென்று கதவைச் சார்த்தித் தாழிட்டார். பின்னர் விளக்கேற்றினார்.