நாளை என்னும் மரக்கலம்

“நாளை பார்த்துக்கொள்ளலாம்” என்று நாம் எத்தனை முறை சொல்கிறோம்! கட்டுரை எழுத ஒரு வாரத் தவணை கிடைத்தால், ஆறு நாட்களை வீணே கழித்து, ஏழாம் நாள் இரவு கண்விழிக்கிறோம். இதற்குச் சோம்பல் மட்டுமா காரணம்?

காலந்தாழ்த்துவதை ‘நெடுநீர்’ என்றார் திருவள்ளுவர். மறதி, சோம்பல், உறக்கம் ஆகியவற்றுடன் அதையும் சேர்த்து, கெடுவோர் விரும்பி ஏறும் மரக்கலம் என்றார். கடலோரம் வாழும் நமக்கு இவ்வுவமை நன்கு விளங்கும். சோம்பலையும் காலந்தாழ்த்தலையும் அவர் தனித்தனியே எண்ணியது கருதத்தக்கது. உழைப்பவரும் காலந்தாழ்த்துவதுண்டு.

இதை மைசூரில் 13 மாதங்கள் நடந்த ஓர் ஆய்வு காட்டியது. சுப்ரீத் கௌர், மைக்கேல் கிரெமர், தமிழ்நாட்டில் பிறந்த செந்தில் முல்லைநாதன் ஆகிய மூவரும் அதன் முடிவுகளை 2015இல் வெளியிட்டனர். கணிப்பொறியில் விவரம் பதியும் ஊழியருக்குப் பிழையின்றிப் பதித்த அளவுக்கேற்பக் கூலி. வாரச் சம்பள நாள் குழுவுக்குக் குழு வேறுபட்டது. எந்நாளும் கூலி விகிதம் ஒன்றே; ஆயினும் சம்பள நாள் நெருங்க நெருங்க வேலை மிகுந்தது!

பின்னர் ஊழியர்கள் தமக்குத்தாமே ஓர் இலக்கு வைத்துக்கொள்ள இடமளித்தனர். இலக்கை எட்டினால் வழக்கமான கூலிதான், எட்டாவிட்டால் பாதி. இலாபமே இல்லாத இந்தக் கட்டுப்பாட்டை, வாய்ப்பளித்தபோது நூற்றுக்கு 36 முறை ஊழியர்கள் விரும்பி ஏற்றனர். சம்பள நாள் நெருங்கினால்தான் வேகம் கொள்பவர்களே இதை மிகுதியாக நாடினர். தம் மனத்தை அறிந்து அதற்குக் கடிவாளம் இட்டனர்.

இத்தகைய ஆய்வில் உதவியாளர் பணி எளிதன்று. சீட்டுக் குலுக்குவதுபோல் பாரபட்சமின்றிக் குழு பிரிக்க வேண்டும். அன்றைய அளவை அன்றே குறிக்க வேண்டும். ஒருவரைப் புகழ்ந்தோ கடிந்தோ பேசினால் அவரது வேகம் மாறிவிடும். காலந்தாழ்த்தலை ஆராய்பவரே குறிப்பை நாளைக்கு ஒத்திவைத்தால் ஆய்வு என்னாவது?

நாம் பெறும் பாடம் யாது? தொலைவிலுள்ள நாள் நம்மை அசைக்காது. அருகிலுள்ள நாளே அசைக்கும். நம் கடலில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அதற்குள் படகைப் பழுதுபார்த்து, வர்ணம் பூசி, வலையையும் சீராக்க வேண்டும். பழுது தீராமல் வர்ணம் பூச இயலாது. ஆகவே எல்லாவற்றையும் கடைசி நாளுக்கு விட முடியாது. நம் பாடங்களையும் இவ்வாறே சிறு பகுதிகளாக்கி, ஒவ்வொன்றுக்கும் அருகிலேயே ஒரு நாள் குறிப்போம்.

வீராம்பட்டினத்துத் தோழியரே! ஒரு மாதம் நாமே ஆய்வு உதவியாளராவோம். வேலை தந்த நாள், தொடங்கிய நாள், முடித்த நாள் என்று ஏட்டில் மூன்று பத்திகள் வரைவோம். முதல் இரண்டு பத்திகளுக்கும் உள்ள இடைவெளி நம்மை நமக்கே காட்டும். பெற்றோரே, அவ்வேட்டைக் கண்டு கடியாதீர். அஞ்சினால் உண்மையான தேதி ஏட்டில் ஏறாது. ஏட்டை நாளை வாங்கலாம் என்று மட்டும் எண்ணாதிருப்போம்!