விளக்கு எரிந்தால் போதுமா?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

ஆரணியில் பட்டு நூலுக்குச் சாயம் ஏற்றுமுன் அதைச் சோப்பும் சோடா உப்பும் இட்டு வேகவைத்துப் பசை நீக்குவர். கடினநீரானால் சோப்பு திரிந்து நூலில் படியும். ஆகவே எங்கள் ஊர்ச் சாயத் தொழிலாளர் நீரின் குணத்தைக் கண்ணாலும் கையாலும் அறிவர். குடிநீரை அவ்வாறு அறிய இயலாது என்பதை நான் என் வீட்டிலேயே கற்றேன்.

சென்ற ஆண்டு என் தங்கைக்கு டைபாய்டு கண்டது. அதன்பின் அப்பா தவணை முறையில் புற ஊதாக் கதிர்க் கருவி ஒன்றை வாங்கினார். "நீல விளக்கு எரியுது கண்ணு, இனிமே பயமில்ல" என்பார் அம்மா. அந்த நம்பிக்கை சரிதானா என்று காண்போம்.

கதிரின் செயல்

சூரிய ஒளி பாக்டீரியாவை அழிக்கும் என்பதை 1877-இல் டவுன்ஸ், பிளண்ட் ஆகிய இருவரும் கண்டனர். 1910-இல் பிரான்சின் மார்சேய் நகரில் இக்கதிரால் குடிநீர் சுத்திகரிக்கப்பட்டது. கருவியிலுள்ள பாதரச விளக்கு 254 நானோமீட்டர் அலைநீளக் கதிரை வீசுகிறது. அது கிருமியின் டி.என்.ஏ.வில் அடுத்தடுத்துள்ள தைமின்களைப் பிணைத்துவிடுவதால் கிருமி பெருக முடியாமற் போகிறது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 254 நானோமீட்டர் கதிர் கண்ணுக்குத் தெரியாது. நாம் காணும் நீலம் பாதரசத்தின் வேறு ஒளியாகும். விளக்கு பழையதாகிக் கதிர் குறைந்த பின்னும் நீலம் தெரியும். அவ்வாறே, தெளிவாகத் தோன்றும் நீரிலும் கரைந்துள்ள இரும்பு முதலியவை கதிரை உறிஞ்சிக்கொள்ளும்.

சோதிக்கும் முறை

கதிர்ச் செறிவை நேரத்தால் பெருக்கினால் கிடைப்பது கதிர் அளவு. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 40 மில்லிஜூல் என்பது பரவலாக ஏற்கப்பட்ட அளவாகும். ஓடும் நீரில் ஒவ்வொரு துளியும் வெவ்வேறு அளவு கதிரைப் பெறுவதால், கருவியைச் சோதிக்க எம்.எஸ்.2 என்னும் வைரஸைப் பயன்படுத்துகின்றனர். இது ஈ.கோலை பாக்டீரியாவைத் தாக்குவது, மனிதருக்குத் தீங்கற்றது.

முதலில் ஆய்வகத்தில் தெரிந்த அளவு கதிரை அதன்மீது செலுத்தி, எவ்வளவு எஞ்சுகிறது என வரைபடம் தயாரிப்பர். பத்தில் ஒன்றாகக் குறைய ஏறத்தாழ 20 மில்லிஜூல் வேண்டும். பிறகு வைரஸ் கலந்த நீரைக் கருவிக்குள் மிகுந்த வேகத்தில் செலுத்துவர். 1,00,000 உள்ளே சென்று 1,000 வெளிவந்தால், கருவி தந்த அளவு சுமார் 40 மில்லிஜூல் ஆகும். மோசமான நீரிலும் கருவி தாங்குமா என்று அறியக் காபித்தூளைக் கரைத்துக் கதிரை மறைத்துப் பார்த்ததும் உண்டு!

எங்கள் வீட்டுச் சோதனை

குவாலியர் ஆய்வாளர்கள் 1982-இல் வெளியிட்ட எளிய முறை ஒன்று உண்டு. மலக் கழிவு கலந்த நீரை ஊற்றினால், பாக்டீரியா உண்டாக்கும் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவால் புட்டியிலுள்ள தாள் கறுக்கும். எங்கள் ஆசிரியரின் உதவியுடன் மூன்று புட்டிகள் வைத்தேன். ஒன்றில் கருவிக்குள் செல்லும் நீர், இரண்டாவதில் வெளிவரும் நீர், மூன்றாவதில் கொதித்து ஆறிய நீர். இரண்டு நாளில் முதலிரண்டும் கறுத்தன. அம்மா அவற்றைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. அடுப்பில் தண்ணீர் வைத்தார்.

மின் இணைப்பைத் துண்டித்துக் கருவியைத் திறந்தோம். விளக்கைச் சூழ்ந்த குவார்ட்ஸ் குழாயின்மேல் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்திருந்தது. பட்டு நூலைக் கெடுக்கும் அதே கடினநீரின் வேலைதான்! சிட்ரிக் அமிலக் கரைசலால் கழுவிய பின் மீண்டும் சோதித்தோம். உட்செல்லும் நீர் கறுத்தது. வெளிவரும் நீர் கறுக்கவில்லை.

1992-இன் இறுதியில் சென்னையில் தோன்றி வங்கம் வரை பரவிய ஓ139 காலராவை அடுத்துக் கருவி அமைத்த அசோக் காட்கில், விளக்கை நீருக்குள் வைக்காமல் நீருக்கு மேலே தொங்கவிட்டார். அதன் அருமை எனக்கு அன்றுதான் விளங்கியது.

முடிவுரை

வெளிவரும் நீரை மட்டும் சோதித்தால் போதாது. உட்செல்லும் நீரே தூயதாயின் கருவியின் திறமை தெரியாது. இரண்டையும் சோதிக்க வேண்டும். குழாயைத் துடைப்பதும், உரிய காலத்தில் விளக்கை மாற்றுவதும் இன்றியமையாதவை. கதிருக்கு எஞ்சிநிற்கும் ஆற்றல் இல்லையாதலால் அழுக்குக் குடத்தில் பிடித்த நீர் மீண்டும் கெடும். தாள் கறுப்பது ஐயத்தின் அறிகுறியே. 100 மில்லிலிட்டரில் ஈ.கோலை அறவே இருத்தலாகாது என்ற இந்தியத் தர விதிப்படி ஆய்வகத்தில் உறுதி செய்துகொள்வது நலம்.

விளக்கை நம்புவதினும் சோதனையை நம்புவோமாக!