சொட்டுவானும் அதன் அச்சும்

அந்தியூர் வட்டாரத்தில் மஞ்சளும், வாழையும், கரும்பும், வெற்றிலையும் தொன்றுதொட்டுப் பயிராகி வருகின்றன. வறட்டுப்பள்ளம் அணையில் நீர் குறையும் ஆண்டுகளில் கிணற்று நீரைச் சொட்டுச் சொட்டாகப் பயிருக்குத் தருவதே சிக்கனமான வழியாகும். இதனை உணர்ந்தே அரசு சொட்டு நீர்ப்பாசனம் அமைக்கச் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும், ஏனையோருக்கு 75 சதவீதமும் மானியம் வழங்குகிறது. இப்பாசனத்தின் உயிர்நாடி, 'டிரிப்பர்' என நாம் வழங்கும் சொட்டுவான். விரல் நுனியளவே உள்ள இப்பிளாஸ்டிக் உறுப்பு எவ்வாறு வடிவமைக்கப்படுகிறது, அதில் பிழை நேர்ந்தால் பயிருக்கு என்ன நேரும் என்பவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

சொட்டுவானின் உள்ளே

மணிக்கு 4 லிட்டர் நீர் விடும் சொட்டுவானை எடுத்துக்கொள்வோம். வெறும் நேர்த்துளை வழியே இந்த அளவு நீரை விடுவதாயின், அத்துளை அரை மில்லிமீட்டரினும் சிறிதாக இருத்தல் வேண்டும். அவ்வளவு சிறிய துளையை ஒரு மணல் துகளே அடைத்துவிடும். ஆகவே, பாம்புபோல் வளைந்து வளைந்து செல்லும் வழியை உள்ளே அமைக்கின்றனர். வளைவுதோறும் நீரின் வேகம் தணிவதால், வழியைச் சுமார் ஒரு மில்லிமீட்டர் வரை அகலமாக வைக்க முடிகிறது. அகல ஆழங்கள் இரண்டிலும் பத்தில் ஒரு மில்லிமீட்டர் குறைந்தாலும், நீர் செல்லும் வழி ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறுகிவிடும். செடிக்குக் கிடைக்கும் நீரும் அதற்கேற்பக் குறையும்.

அச்சு என்பது யாது?

இவ்வுறுப்பைக் கையால் செதுக்குவதில்லை. எஃகினால் ஆன இரு பாதிகளைச் சேர்த்து மூடி, சுமார் 200 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் உருகிய பிளாஸ்டிக்கை அழுத்தத்துடன் உட்செலுத்தி, குளிர்ந்தபின் திறந்து எடுக்கின்றனர். அந்த எஃகு அச்சையே பட்டறைகளில் 'மோல்டு' என்றும் 'டை' என்றும் கூறுவர். கோவையில் செய்யப்படும் நீர்மூழ்கிப் பம்புகள் பலவற்றில் சுழலும் இம்பெல்லரும் இம்முறையில் வார்க்கப்பட்டதேயாகும்.

ஓர் அச்சு இலட்சக்கணக்கான உறுப்புகளை ஈனும். குயவர் வனையும் பானை ஒன்று கோணினால் நட்டம் ஒரு பானைதான். அச்சில் பிழை இருப்பின் அதிலிருந்து வெளிவரும் அத்தனை உறுப்புகளிலும் அப்பிழை இருக்கும். மேலும், எஃகைக் கூடுதலாகச் செதுக்குவது எளிது. செதுக்கிய எஃகை மீண்டும் ஒட்டுவது அரிது. ஆதலின் எஃகில் கை வைக்கும் முன்னரே பிழையைக் கண்டறிய வேண்டும்.

கணினி வரைபடம்

இதற்குத் துணை நிற்பதே 'கேட்' எனப்படும் கணினி வரைகலை முறை. 1963ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஐவன் சதர்லாந்து என்பார், கணினித் திரையில் ஒளிப்பேனாவால் வரையும் முறையை உருவாக்கிக் காட்டினார். அதன் வழியே வளர்ந்த இன்றைய கணினிகளில், உறுப்பை நீள, அகல, உயரங்களுடன் முழு உருவமாக வரைந்து, திருப்பியும் வெட்டியும் பார்க்கலாம். உருகிய பிளாஸ்டிக் அச்சினுள் எவ்வழியே பரவும், காற்று எங்கே சிறைப்படும் என்பதையும் முன்கூட்டியே கணக்கிடலாம். காற்று வெளியேற வழியில்லாத மூலை நிரம்பாது நிற்கும். சில வேளைகளில் கருகியும் போகும்.

ஆயினும், கணினி தானாகவே நல்ல அச்சைத் தந்துவிடாது. வரைபவர் அறிந்திருக்க வேண்டிய விதிகள் நமக்குப் புதியவை அல்ல.

1. சரிவு: அச்சுவெல்லத்தின் அடி அகன்றும் நுனி குறுகியும் இருப்பதைக் காண்கிறோம். அச்சரிவு இன்றேல் வெல்லம் அச்சிலிருந்து உதிராது. பிளாஸ்டிக் உறுப்பின் பக்கங்களுக்கும் ஓரிரு டிகிரி சரிவு கொடுத்தல் அவசியம்.

2. சுருக்கம்: செங்கல் அறுக்கும் அச்சு, சுட்ட செங்கல்லினும் பெரிதாக இருக்கும். பச்சை மண் காய்ந்து சுருங்குவதே காரணம். பாலிபுரோப்பிலீன் என்னும் பிளாஸ்டிக் 1 முதல் 2.5 சதவீதம் வரை சுருங்கும். சுருக்கம் 1.5 சதவீதமாயின், 40 மில்லிமீட்டர் உறுப்புக்கு அச்சைச் சுமார் 40.6 மில்லிமீட்டராக வெட்ட வேண்டும்.

3. ஒரே கனம்: கனமான இடம் தாமதமாகக் குளிர்வதால் அங்கே குழி விழும், உறுப்பும் கோணும். சுவர் எங்கும் ஒரே கனமாக இருத்தல் நலம்.

4. சம நிறைவு: ஓர் அச்சில் 16 அல்லது 32 குழிகள் இருக்கலாம். எல்லாக் குழிகளும் ஒருங்கே நிரம்பாவிடில், ஒரே அச்சில் பிறந்த சொட்டுவான்களும் வெவ்வேறு அளவில் நீர் விடும்.

உழவர் செய்யத்தக்க சோதனை

குழாய் அமைத்தவுடன், அடுத்தடுத்துள்ள ஐந்தாறு சொட்டுவான்களின் கீழ் ஒரே அளவான பாத்திரங்களை வைத்து, 15 நிமிடம் நீர் விடுக. 4 லிட்டர் சொட்டுவானாயின் ஒவ்வொன்றிலும் சுமார் ஒரு லிட்டர் சேர வேண்டும். எல்லாவற்றிலும் ஒன்றுபோல் குறைந்தால் அழுத்தத்தையும் வடிகட்டியையும் முதலில் பார்க்க வேண்டும். அடுத்தடுத்துள்ளவற்றிடையே ஒன்றில் ஒரு லிட்டரும் மற்றொன்றில் முக்கால் லிட்டரும் சேர்ந்தால், அடைப்பு இல்லையென்று உறுதி செய்தபின், உறுப்பின் தரத்தை ஐயுறலாம். மாற்றித் தருமாறு கேட்கலாம். சொட்டுவான்களுக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 13487 ஆகும். வாங்கும்போதே அந்த எண்ணும் முத்திரையும் உள்ளனவா என்று பார்த்தல் நன்று.

ஊராட்சியின் கடமை

பயன்படுத்துவோராக மட்டுமின்றி, இவற்றைப் படைப்போராகவும் நம் ஊர் இளைஞர் விளங்கலாம். 1968ஆம் ஆண்டில் மத்திய அரசு சென்னை கிண்டியில் நிறுவிய 'சிப்பெட்' நிறுவனம் இன்று மதுரையிலும் இயங்குகிறது. பத்தாம் வகுப்புத் தேறியவர்கள் பிளாஸ்டிக் அச்சுத் தொழில்நுட்பத்தில் மூன்றாண்டுப் பட்டயக் கல்வி பெற அங்கு வழியுண்டு. ஊராட்சி உறுப்பினர்கள் இச்செய்தியைக் கிராம சபையில் எடுத்துரைத்து, தகுதியுள்ள மாணவரையும் மாணவியரையும் விண்ணப்பிக்கச் செய்தல் வேண்டும்.

கடைமடை நிலத்தின் துன்பத்தைக் கண்ணால் கண்டு வளர்ந்த பிள்ளை, சொட்டுவானுக்கு அச்சு வரையும்போது பத்தில் ஒரு மில்லிமீட்டரையும் அலட்சியம் செய்யமாட்டான். அத்தகைய பிள்ளைகளை உருவாக்குவது நம் அனைவரின் பொறுப்பாகும்.